மார்த்தா சிரித்துக்கொண்டே நின்றாள்

எபி,

கடிதத்தின் தலையில் 'அன்புள்ள' என்று போடுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். படித்து முடித்த பிறகும் அந்த வார்த்தை உனக்கு வேண்டியிருந்தால் நீயே எழுதிக்கொள். உன் வீடியோவை ராயபுரத்தில் நம் சபை மொத்தமும் உட்கார்ந்து பார்த்தது. ஆகவே என் பதிலை உனக்கு இன்றே போனில் அனுப்பிவிட்டு, எல்லோரும் படிக்கட்டும் என்று சபைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். பாஸ்டர் போட மாட்டேன் என்றால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று நானே ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். உன் அம்மாவை உனக்குத் தெரியும். செய்வேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திரையை இறக்கினார்கள். முதலில் உன் வீடு வந்தது. கால் ஊன்றி உயரத்தில் நிற்கிற மரவீடு, ஓலைக் கூரை, மழைத்தண்ணீர் பிடிக்கிற பெரிய டேங்க், கட்டிலுக்கு மேலே கொசுவலை. மருமகள் ஜெனி பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். 'சாலமன் தீவுக் கொசுவுக்கு முன்னாடி நம்ம பக்கிங்காம் கால்வாய் கொசு எல்லாம் சின்னப் பையன்' என்று நீ சொன்னாய். சபையே சிரித்தது, நானும்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லக் கடல் தாண்டிப் போன என் பிள்ளை அங்கே காலை ஊன்றிவிட்டான் என்று நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அப்புறம் உங்கள் வீட்டில் சமையலுக்கும் துணி துவைக்கவும் வருகிற மார்த்தாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கை வைத்துக்கொண்டு, தமிழில் நீ சொன்னாய்: 'இவங்க பேரு மார்த்தா. இவங்க வீட்டுக்காரர் குடிக்கு அடிமையா இருந்தாரு. தினமும் இவங்கள அடிப்பாரு. கடைசியில குடிச்சே செத்தாரு. நாங்க இங்க வந்த பிறகுதான் இவங்க வாழ்க்கையில வெளிச்சம் வந்துச்சு.'

மார்த்தாவுக்குத் தமிழ் தெரியாது. நீ ஏதோ அவள் சமையலைப் பாராட்டுகிறாய் என்று நினைத்து சிரித்துக்கொண்டே நின்றாள். பின்னால் பியானோ வேறு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாஸ்டர் அல்லேலூயா சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பஸ் வந்தது, போனது. எனக்கு ஏறத் தோன்றவில்லை.

மார்த்தாவை எனக்குத் தெரியும் என்பதை நீ மறந்துவிட்டாய். ஜெனி சமைக்கும்போது எனக்கு வீடியோ கால் போட்டுப் போனைப் பாத்திரத்தின்மேல் சாய்த்து வைப்பாள். அவள் எழுந்து போகும்போதெல்லாம் அதில் மார்த்தாதான் இருப்பாள். அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், எங்களுக்குப் பேச அது போதும். முதல் நாளே கேட்டேன், உன் வீட்டுக்காரர் எங்கே என்று. கையை நீட்டிக் கடலைக் காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்து குழந்தை திரும்பாமல் தவித்திருக்கிறது. எதிர்த் தீவிலிருந்து நர்ஸைக் கூட்டி வர அந்த மனுஷன் தனி ஆளாகப் படகை வலித்துக்கொண்டு போயிருக்கிறார். காற்று திரும்பிவிட்டது. படகு மட்டும்தான் கரைக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டு அவள் என்னைக் கேட்டாள், உன் வீட்டுக்காரர்? நானும் சொன்னேன்.

வீடியோ போட்ட அந்த ஞாயிறு சாயங்காலம் நீ போன் பண்ணினாய். 'இன்னாம்மா, வீடியோ எப்டி கீது?' என்று குரலில் அப்படி ஒரு சந்தோஷம். 'மார்த்தா புருஷன் குடிச்சு செத்தார்னு உனக்கு யாருடா சொன்னது?' என்று கேட்டேன். நீ சொன்னாய்: 'யம்மா, சும்மா செத்துட்டாருன்னா ஊருல யார் மனசுலயும் நிக்காதும்மா. ஒரு கதை வேணும். கொஞ்சம் மாத்தி சொன்னா இன்னா ஆயிடப் போது? அவங்களுக்குத் தெரியவா போது? மார்ட்டின் அங்கிள்கூட மெயில்ல சொன்னாரு, கதை இல்லாம ஊழியம் நிக்காதுன்னு.'

மார்ட்டின் அங்கிள். அந்தப் பெயரை நீ சொன்னதும் நான் போனை வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் அந்த ஆளோடு நீ எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தங்கமான அந்த இரண்டு பேரை அம்மா துரத்திவிட்டாள் என்று நீ சின்ன வயசிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் விட்டுவிட்டேன். அப்பாவைப் பற்றி அவர்கள் சொன்னதை உன் காதில் போட எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது. கேள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அவர்கள் வந்தார்கள், மார்ட்டினும் அவர் மனைவி ரூத்தும். எந்த நாடு, எந்த மிஷன் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊர். அப்போது நாம் திருவொற்றியூரில் இருந்தோம், உன் அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்து நான் ஜார்ஜ் டவுனில் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது இருந்த சபையின் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, 'ஸ்டெல்லாம்மா, குப்பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்த வந்திருக்காங்க. அவங்களுக்குப் பாஷையும் தெரியாது ஊரும் தெரியாது. நீங்க கூட இருந்து குடி வெச்சுக் குடுங்க' என்றார். ஆபீஸை விட்டுவிட்டு அவர்களோடு போனேன்.

குடிவைப்பது என்றால் என்ன என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். வீடு பார்த்தது நான். கடலைப் பார்த்த மாடி வேண்டும் என்று ரூத் ஆசைப்பட்டாள். கடல் பக்கம் ஜன்னல் திறந்தால் உப்பும், ரோட்டுப் பக்கம் திறந்தால் கரித்தூளும் வரும் என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளி வேப்பமரம் இருந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தேன். வெள்ளைக்காரர்களுக்கு வீடு விடமாட்டேன் என்ற ஓனரிடம், 'என் அண்ணன் அண்ணி மாதிரி நெனச்சுக் குடுங்க மொதலியாரே' என்று கெஞ்சினேன். தண்ணி லாரிக்காரனிடம் சொல்லி அவர்கள் வாசலில் நிறுத்த வைத்தேன். பால் போடுகிறவனை, இஸ்திரி போடுகிற முருகேசனை, மீன் கொண்டு வருகிற பவுனு அக்காவை என்று ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தினேன். முதல் நாள் சுவரில் பல்லியைப் பார்த்து ரூத் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டாள். பல்லி இருந்தால் கொசு குறையும் என்றேன். பிறகு அதற்குப் பெயரே வைத்தாள். கத்திரி வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்து மார்ட்டின் சட்டை போடமுடியாமல் தவித்தபோது, நுங்குத் தண்ணியைத் தடவச் சொன்னதும், சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணி ஊற்றிச் சூட்டை இறக்கச் சொல்லிக்கொடுத்ததும், காலையில் பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடிக்க வைத்ததும் நான்தான். ஒரு வருஷத்தில் ரூத் லுங்கித் துணியில் நைட்டி தைத்துப் போட்டுக்கொண்டு பவுனு அக்காவிடம் நெத்திலிக்குப் பேரம் பேசினாள். அவர்கள் நம் ஊரில் ஊன்றிக்கொண்டது எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்தக்காரர்களைக் கரையேற்றின மாதிரி இருந்தது.

உன்னை அவர்கள் தூக்கிவைத்துக் கொஞ்சியது உண்மை. உனக்கு டைபாய்டு வந்தபோது ரூத் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்ததும் உண்மை. அதை நான் மறைக்கவில்லை. அந்த உண்மைகளால்தான் மற்றது எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னால் அவர்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள், பணம் கொடுத்து மிஷனைத் தாங்குகிறவர்கள். மதியம் மாடியில் அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வயசான அம்மா, கை எல்லாம் சுருங்கி, நீலக் கண்ணோடு. என்னைப் பார்த்ததும் கப்பை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். 'உனக்காக நான் எவ்வளவு நாளாக ஜெபம் பண்ணுகிறேன் தெரியுமா?' என்றாள். நானும் நெகிழ்ந்துபோய் நின்றேன். என் முழங்கைக்குக் கீழே தீக்காயத் தழும்பு இருக்கிறதே, அதைத் தடவிக்கொடுத்து மெதுவாகக் கேட்டாள்: 'உன் கணவன் உன்னைச் சுட்டது இந்த இடத்தில்தானா?'

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ பிறந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்தது. உன் அப்பா பதறிப்போய் மேசையில் இருந்த இங்க் பாட்டிலை அப்படியே என் கையில் கவிழ்த்தார். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நீலக் கையோடு போனேன், பாடகர் குழுவில் நின்றுகொண்டு அவர் என் கையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அந்த மனுஷன் என்னைச் சுட்டாராம். அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். நீதான். மழையில் பந்து விளையாடிச் சேறும் சகதியுமாய்க் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் நிற்கிறாய். ரூத் எடுத்த படம். 'இந்தப் பிள்ளையைக் குப்பையிலிருந்து எடுத்தார்களே, அவன் நன்றாக இருக்கிறானா? அவனுடைய அப்பா குடித்தே செத்தது உனக்கு ஒருவிதத்தில் விடுதலைதான் மகளே' என்றாள். அவளிடம் வஞ்சகமே இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை அவள் நம்பியிருக்கிறாள்.

உன் அப்பா டேனியல், ஹார்பரில் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் காட்டுகிற வேலை பார்த்தவர், மஞ்சள் காமாலையில் போனார். கெட்டுப்போன குழாய்த் தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். மஞ்சள் காமாலை என்று கேட்டதும் குடிதான் என்று நினைக்கிறவர்கள் நம்மூரிலேயே உண்டு. மார்ட்டினிடம் ஒருநாள் நான் அழுதுகொண்டே சொன்ன அந்த ஒற்றை வார்த்தையை எடுத்து அவர் ஒரு குடிகாரனைச் செய்துவிட்டார். எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்தேன். பிஸ்கட் தட்டை நீட்டினேன். அழுகை வரவில்லை எபி. அழுகை வந்திருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள்.

சாயங்காலம் குப்பத்தில் ஷாமியானா போட்டுக் கூட்டம். விருந்தாளிகள் முன்வரிசையில் நாற்காலியில், நம் ஜனங்கள் மணலில். பின்னால் பிரியாணி அண்டா. மார்ட்டின் கையில் ஒரு மைக், மொழிபெயர்க்க என் கையில் ஒரு மைக். முதலில் வசனம் படித்தார், சொன்னேன். அப்புறம் விருந்தாளிகள் பக்கம் திரும்பிக்கொண்டு இங்கிலீஷில் என்னிடம், 'அடுத்தது இவர்களுக்கு மட்டும். இதை மொழிபெயர்க்க வேண்டாம் ஸ்டெல்லா, நீ உட்கார்' என்றார். முன்பு எத்தனையோ கூட்டத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார், நானும் டீ போடப் போயிருக்கிறேன். அன்று உட்காரவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, 'இத்த மொழிபெயர்க்க வேணாம், நீ போய் உக்காருன்னு ஐயா சொல்றாரு' என்றேன். ஜனங்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து மார்ட்டினும் சிரித்தார், நான் வேறு எதையோ சொல்லி ஜனங்களைச் சமாளிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

'நாங்கள் வந்தபோது இந்தக் கடற்கரையில் நம்பிக்கை என்ற வார்த்தையே கிடையாது' என்றார். சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள். 'சுனாமிக்கு வந்த அரிசியை இங்கே உள்ள ஆண்கள் விற்றுக் குடித்தார்கள்' என்றார். சொன்னேன். மணலில் முன்னால் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். 'தாய்மார்கள் தங்கள் பெண்பிள்ளைகளை விற்றார்கள்' என்றார். அதையும் சொன்னேன். மூன்று வருஷமாக நம் ஊரில் இருந்தும், தன் பேச்சுக்கு நான் என்ன தமிழ் சொல்கிறேன் என்று பிரித்தறிய அவருக்குப் பாஷை வரவில்லை.

பவுனு அக்கா எழுந்தாள். 'யம்மா ஸ்டெல்லா, இன்னாமே சொல்ற? இத்த அவரு சொல்றாரா, நீயா சொல்றியா?'

'நான் ஒரு வார்த்தையும் சேக்கல அக்கா. அவரு சொல்றதுதான்.'

'யாரு பொண்ண யாரு வித்தது? பேரு சொல்லச் சொல்லு. நானும் ரெண்டு பொண்ணு பெத்து வெச்சிகிறேன். வெயில்ல கூடை தூக்கி இவனுக்கு மீன் குடுத்தது நானு. என் மூஞ்சியப் பாத்து சொல்லச் சொல்லு.'

அதை அப்படியே இங்கிலீஷில் மைக்கில் சொன்னேன், விருந்தாளிகளுக்குக் கேட்கும்படி. மார்ட்டின் முகம் வெளுத்துப்போனது. 'ஸ்டெல்லா, நிறுத்து' என்றார். 'ஸ்டெல்லா, நிறுத்துன்னு சொல்றாரு' என்றேன். அதற்குள் அந்த நீலக்கண் அம்மா எழுந்து என்னைக் கேட்டாள்: 'அப்படியானால் உன் கணவன்?' நான் அவளை விட்டுத் திரும்பினேன். ஜனங்களைப் பார்த்துக் கேட்டேன். 'எம் புருஷன் டேனியல் குடிச்சு என்னை அடிச்சு, சுட்டு, குடிச்சே செத்தார்னு இவங்க ஊரு பூரா சொல்லி வெச்சுகீறாங்க. அவர் குடிச்சு யாராவது பாத்துகிறீங்களா?'

பின்னாலிருந்து சோடாக்கடை பாய் எழுந்து, 'பாத்துகிறேன்மா. டூட்டி முடிச்சு வந்து பன்னீர் சோடா குடிப்பாரு. அதுவும் கூலிங் இல்லாம, தொண்டை கெட்டா பாட முடியாதுன்னு' என்றார். அதை மொழிபெயர்க்கும்போதுதான் என் குரல் உடைந்தது. ஆனால் ஒரு வார்த்தை விடவில்லை. பன்னீர் சோடாவுக்கு இங்கிலீஷ் தெரியாமல் பன்னீர் சோடா என்றே சொன்னேன். அந்த அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

இளவட்டங்கள் மேடையை நோக்கி வந்தார்கள். பவுனு அக்கா கையை விரித்துத் தடுத்து, 'எவனும் கை வெக்காத. கலீஜ் ஆயிடும். வாங்கடா வூட்டுக்கு' என்றாள். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். பிரியாணி அண்டாவை ஒருத்தரும் திறக்கவில்லை.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம் என்று அப்புறம் நிறையப் பேர் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. மறுநாள் காலையிலிருந்து, எந்தெந்தக் கதவைத் தட்டி அவர்களைக் குடி வைத்தேனோ அந்தந்தக் கதவை மறுபடி தட்டினேன். தண்ணி லாரி அவர்கள் வாசலில் நிற்காமல் போனது. பால் நின்றது. முருகேசன் துணியை இஸ்திரி போடாமல் மூட்டையாகக் கட்டிப் படியில் வைத்துவிட்டுப் போனான். முதலியார் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். எங்கே போனாலும் நான் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை, 'டேனியல் குடிகாரனாம், கேட்டீங்களா?' என்பேன். அவ்வளவுதான். குடி வைத்த கையாலேயே குடி எழுப்பினேன். ஒவ்வொரு வீட்டுப் படி இறங்கும்போதும் எனக்கு நன்றாக இருந்தது. வேதத்தில் பழிவாங்குதல் என்னுடையது என்று கர்த்தர் சொல்கிறார். தெரியும். அவர் வரும்வரை எனக்குக் காத்திருக்க முடியவில்லை.

அந்தத் திருவொற்றியூர் பாஸ்டர் என்னைச் சபையிலிருந்து நீக்கினார். டியூஷன் மூடிவிட்டார்கள், உன் கூட்டாளிகளுக்கெல்லாம் அது போனது. புறப்படுகிற அன்று ரூத் கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்து, 'நான் உனக்கு என்ன செய்தேன் ஸ்டெல்லா? உன் பிள்ளையை என் பிள்ளை மாதிரி பார்த்தேனே' என்றாள். 'என் பிள்ளையைப் பார்த்தாய். அவன் அப்பாவைக் கொன்றாய்' என்றேன். நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு ஆன்ட்டி ஆன்ட்டி என்று கத்தினாய். உன்னை விரல் விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. அன்றும் நான் வருத்தப்படவில்லை, இன்றும் இல்லை.

ஒரே ஒரு குறைதான் எனக்கு. அவர்களை ஓட விட்டது. ஓடினவர்கள் வேறு ஒரு சூடான ஊரில் வேறு ஒரு மாடியைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் யாரோ ஒரு பெண் பல்லிக்குப் பயப்படாதே என்று சொல்லிக் கொடுத்திருப்பாள். அவள் புருஷனையும் ஏதோ ஒரு திரையில் குடிக்க வைத்திருப்பார்கள். இப்போது பார், அந்த வித்தையை என் வயிற்றில் பிறந்தவனுக்கே மெயிலில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உன் அப்பாவுக்கு அவர் செய்ததை நீ இன்னொரு மனுஷனுக்குச் செய்தாய். நீ செய்தது உனக்கு உறைக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

இனி என் பங்கு. செவ்வாய்க்கிழமை காலை நான் ஜெனிக்குப் போன் போட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். விஷயத்தைச் சொன்னேன். அவள் வீடியோவைப் பார்த்தபோதே வேண்டாம் என்று சொன்னாளாம், நீ கேட்கவில்லையாம். 'மார்த்தாவைக் கூப்பிடும்மா' என்றேன். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஜெனியைத் திட்டாதே, உன் வீட்டில் இப்போதைக்கு யோக்கியமான ஆள் அவள்தான். என் போனில் இருந்த உன் வீடியோவை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி, மார்த்தாவுக்குப் புரிகிற எளிய இங்கிலீஷில் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. 'இல்லை, எபி நல்ல பையன்' என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். குடிகாரன் என்ற வார்த்தை வந்த இடத்தில் அவள் மடியில் இருந்த துணியை மடித்துக் கீழே வைத்தாள். அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்து, 'ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன்களையும் ஊர்ப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறேன். யாருக்காக என் புருஷன் நர்ஸைக் கூட்டி வரப் போனாரோ அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வருவாள், அன்று பிழைத்த அவள் பிள்ளையும் வரும். எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்பேன்' என்றாள். கேள் என்றேன்.

அப்புறம் அவள் ஒன்று கேட்டாள். 'நீ அவன் அம்மா. என் அண்ணன்கள் கோபக்காரர்கள். அவனை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். உனக்கு அது சரியா?'

'ஏத்த விடாதே' என்று சொன்னேன். 'அனுப்பிவிட்டால் அவன் இங்கே வந்து, தீவுக்காரர்கள் என்னைத் துரத்திவிட்டார்கள் என்று அதையும் ஒரு கதையாகச் சொல்வான். அவனை அங்கேயே வைத்துக்கொள். உன் புருஷனைப் பற்றி அவன் சொன்னது தெரிந்த ஜனங்களுக்கு நடுவில் அவன் தினமும் எழுந்து, தினமும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, தினமும் உன் முகத்தில் விழிக்கட்டும்' என்றேன். அவள் தலையாட்டினாள். வீட்டு வேலைக்கு இனி வரமாட்டாளாம். ஆனால் அண்ணன்களைப் பிடித்து வைப்பதாகச் சொன்னாள்.

ஆகவே எபி, டிக்கெட்டுக்கு யாரையும் கேட்காதே. என் வீட்டுக் கதவு உனக்கு இப்போது திறக்காது. மழைத்தண்ணியைக் கொதிக்கவைத்துக் குடி, டேங்க்கை மாதம் ஒருமுறை கழுவு, கூரை ஓலையை மழைக்கு முன்னால் மாற்று, கொசுவலையில் ஓட்டை விழுந்தால் அன்றே தைத்துவிடு. நீண்டநாள் இருக்கப்போகிற வீடு அது. ஞாயிற்றுக்கிழமை மார்த்தா கேட்கும்போது எழுந்து நில். பொய் சொன்னேன் என்று அவர்கள் பாஷையில் சொல், அந்த ஒரு வாக்கியத்தை நான் மார்த்தாவிடம் கேட்டுக் கற்று வைத்திருக்கிறேன், தப்பாகச் சொன்னால் எனக்குத் தெரியும். அன்றே அதைத் தமிழிலும் சொல்லி வீடியோ எடுத்து இங்கே அனுப்பு. பியானோ போடாதே.

இத்தனை மாதம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டாய், அவள் செத்துப்போன புருஷன் பேரை நீ ஒருநாளும் கேட்கவில்லையாம். நான் கேட்டேன். ஸ்டீவன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகக் கடலில் போனவர். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேரிலிருந்து ஆரம்பி.

அம்மா